டீசல் அடியார்

அமெரிக்காவின் வடவிளிம்பில், குளிர்காலம் ஆண்டில் ஏறத்தாழப் பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளும் மினசோட்டா, வடக்கு டகோட்டா, விஸ்கான்சின் ஆகிய மாநிலங்களில், கார் வைத்திருப்போருக்குள் எண்ணிக்கையில் மிகச் சிறியதும் பேச்சின் அளவில் மிகப் பெரியதுமான ஒரு பிரிவினர் வாழ்ந்துவருகின்றனர். டீசலில் ஓடும் சிறு காரை விலைகொடுத்து வாங்கியதோடு நில்லாமல் அதை ஒரு சமயமாகவே மேற்கொண்டுவிட்ட இவர்களை டீசல் அடியார் என்று அழைப்பது பொருந்தும். அந்நாட்டில் கார் என்றாலே பெட்ரோல் கார்தான். பெட்ரோலை அங்கே 'கேசொலின்' என்றும், வாய்ச்சோம்பலால் 'கேஸ்' என்றும் சொல்வதால், தமிழ் வாசகர் சமையலறை சிலிண்டரை நினைத்துவிடக் கூடாது. மேற்கு ஐரோப்பாவில் 2010-களின் தொடக்கத்தில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசலில் ஓடியவை. அமெரிக்காவிலோ அந்தப் பங்கு நூற்றுக்கு மூன்றைக்கூட எட்டவில்லை. சிறுபான்மையினருக்கே உரிய கொள்கை உறுதி அடியாருக்கு வாய்த்தது இதனால்தான்; நாடு முழுவதும் டீசலுக்கு மாறியிருந்தால் அவர் அன்றைக்கே பெட்ரோலுக்கு மாறியிருப்பார்.

அவரை அடையாளம் காண்பது எளிது. காரின் முகப்பு வலைக்குள்ளிருந்து மின்செருகி ஒன்று களைத்த நாயின் நாக்கைப் போல வெளியே தொங்கும். கையில் சோப்புக்கு அடங்காத ஒரு மணம் இருக்கும், ஏனெனில் பெட்ரோல் பட்ட சிறிது நேரத்தில் ஆவியாகிப் போய்விடக் கூடியது, டீசலோ வந்த இடத்தில் தங்கிவிடும் விருந்தாளியின் இயல்புடையது. பின்புறம் நீண்ட வேகன் வகையும், கையால் போடும் கியரும் அவருடைய விருப்பங்கள். இவையிரண்டும் அமெரிக்கரில் பெரும்பாலோர் வேண்டாமென்று தள்ளியவை என்பதே அவற்றின் சிறப்பு.

சமயம் என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு தத்துவம் இருக்க வேண்டுமல்லவா? பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை ஸ்பார்க் பிளக்கின் தீப்பொறி பற்றவைக்கிறது; டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை, காற்றை மட்டும் உள்ளிழுத்துப் பதினைந்து முதல் இருபது மடங்குவரை நெருக்கினால், அந்த நெருக்கத்திலேயே அது கடுஞ்சூடேறி, மேலே பீய்ச்சப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். இந்த நெருக்கத்தின் அளவுக்கு அழுத்த விகிதம் என்று பெயர். பெட்ரோல் எஞ்சினில் அது பெரும்பாலும் பத்தையொட்டி நிற்க, டீசலில் உயர்ந்திருப்பதால், எரியும் வெப்பத்தில் கூடுதல் பங்கு சக்கரத்துக்குப் போகிறது. இதை 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக்காட்டிய ரூடால்ஃப் டீசல், 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குச் சென்ற கப்பலிலிருந்து இரவில் காணாமற்போனார். அடியார் கலந்துகொள்ளும் பிறந்தநாள் விருந்துகளில், கேக் வெட்டப்படுவதற்கு முன்பே ரூடால்ஃப் டீசல் கடலில் விழுந்துவிடுவது வழக்கம்.

இந்தத் தத்துவத்தில் ஒரு சிறு ஓட்டை உண்டு. டீசல் பெட்ரோலைவிடக் கனமானது. ஒரு கேலன் டீசலில் அடங்கிய ஆற்றல் ஒரு கேலன் பெட்ரோலில் இருப்பதைவிட நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை கூடுதல். ஆகவே, ஒரு கேலனுக்கு இத்தனை மைல் என்று இரண்டையும் ஒப்பிடுவது, நெல்லையும் அரிசியையும் ஒரே படியால் அளந்து எது அதிகச் சோறு தரும் என்று கேட்பதை ஒக்கும். எஞ்சினின் திறமை என்று போற்றப்படுவதில் ஒரு பகுதி எரிபொருளின் எடை மட்டுமே. இந்தச் செய்தியை எவரேனும் எடுத்துச்சொன்னால் அடியாருக்குத் தற்காலிகச் செவிட்டுத்தன்மை ஏற்படும்.

அவருடைய திருமுறை என்பது காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் இருக்கும் குறிப்பேடு. ஒவ்வொரு முறை டீசல் நிரப்பும்போதும் தேதி, ஓடிய மைல், ஊற்றிய கேலன், கொடுத்த டாலர், வகுத்து வந்த ஈவு ஆகியவை அதில் ஏறும். ஈவு இரண்டு தசம இடங்கள் வரை போகும், அடியார் உற்சாகமாக இருந்தால் மூன்று. வண்டியின் சாய்வால் டேங்கின் கொள்ளளவு மாறிக் கணக்குக் கெட்டுவிடக் கூடாது என்பதற்காக, அதே பங்க்கில், அதே குழாயில், அதே திசை பார்த்து நிறுத்தித்தான் நிரப்புவார். அந்தக் குழாயில் வேறு யாரேனும் நின்றுகொண்டிருந்தால் அவர் போகும்வரை காத்திருப்பார், எஞ்சினை அணைத்துவிட்டு. அரசின் சோதனைச் சீட்டு நெடுஞ்சாலையில் கேலனுக்கு 40 மைலையொட்டித் தரும் என்று சொன்ன காரை அவர் 50-க்கு ஓட்டிக்காட்டியிருப்பார். அது ஒரு ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, முதுகுக் காற்றோடு, இறக்கமான சாலையில், குடும்பத்தாரை வீட்டில் விட்டுவிட்டு எடுத்த எண் என்பது ஏட்டில் இராது. அவரை வருத்தப்படுத்தக் கூடியவர்கள் எல்லைக்கு அப்பாலுள்ள கனடாக்காரர்களே. அங்குள்ள முதியோர் இன்னும் பிரிட்டிஷ் கேலனில் கணக்குச் சொல்வார்கள். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546 லிட்டர் ஆதலால், தண்டர் பே நகரத்து அடியார் ஒருவர் சாதாரணமாகச் சொல்லும் எண், மினசோட்டாவின் டுலூத் நகரத்து அடியாரின் வாழ்நாள் சாதனையை விழுங்கிவிடும்.

இவையெல்லாம் கோடைகாலச் சடங்குகள். அடியாரின் உண்மையான மகிமை வெளிப்படுவது, சுப்பீரியர் ஏரிக்கரையில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி செல்சியசைத் தொடும் சனவரி விடியலில்தான். டீசலுக்குள் இயற்கையாகவே மெழுகு கரைந்திருக்கிறது. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெண்மையாக உறைந்து நிற்பதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளிர் ஏறினால் முதலில் அந்த மெழுகு நுண்துகள்களாகப் பிரிந்து எண்ணெயைக் கலங்கலாக்கும்; அது தொடங்கும் வெப்பநிலையை மேகப்புள்ளி என்பர். இன்னும் ஏறினால் துகள்கள் வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். எஞ்சின் நடுச்சாலையில் பட்டினியால் நிற்கும். ஆகையால் வடமாநிலப் பங்க்குகளில் குளிர்காலத்தில் மண்ணெண்ணெய் போன்ற மெல்லிய வகையைக் கலந்து விற்பார்கள். பங்க்காரரை நம்புவது அடியாரின் மரபன்று. அவர் தம் பங்குக்கு வெள்ளைப் புட்டி ஒன்றை ஒவ்வொரு முறையும் ஊற்றுவார், அது உறையாமல் காக்கும் மருந்து. சிவப்புப் புட்டி ஒன்றையும் காரில் வைத்திருப்பார், அது உறைந்துபோன பிறகு கொடுக்கும் மருந்து. அந்தச் சிவப்புப் புட்டியும் சேர்த்து உறையாதிருக்கும்பொருட்டு, கடுங்குளிர் இரவுகளில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து வைப்பாரே தவிர, காரை உள்ளே கொண்டுவர மாட்டார். கொட்டகையில் நின்ற கார் எழுந்ததில் என்ன பெருமை?

அந்தத் தொங்கும் மின்செருகியின் பணி இப்போது தொடங்குகிறது. அது பிளாக் ஹீட்டர் எனப்படும் சூடேற்றியைச் சேர்ந்தது. எஞ்சினைச் சுற்றியுள்ள குளிர்விப்பு நீர்மத்தை இரவில் வெதுவெதுப்பாக வைத்திருப்பது அதன் வேலை. இந்த வகைக் கருவிக்கு 1949-இல் காப்புரிமை பெற்றவர் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரத்து ஆண்ட்ரூ ஃப்ரீமன். பெட்ரோல் கார்க்காரர்களும் அதைப் பயன்படுத்துவதுண்டு, அவர்களுக்கு அது வசதி. அடியாருக்கு அது நந்தாவிளக்கு. 600 வாட் ஹீட்டரைப் பத்து மணிநேரம் செருகி வைத்தால் 6 யூனிட் மின்சாரம் ஆகும்; அந்தச் செலவு குறிப்பேட்டில் ஏறாது, ஏனெனில் அது வீட்டுக் கணக்கு, குறிப்பேடு காருக்கு உரியது.

காலையில் சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பிவிடாது. உருளையின் உட்புறத்தைச் சூடாக்கும் குளோ பிளக் என்ற சிறு மின்கம்பி பழுக்க வேண்டும்; அதுவரை முன்பலகையில் சுருள்வடிவ விளக்கு ஒன்று எரியும். புதிய கார்களில் இது சில நொடிக் காரியம். ஆயினும் பழைய மெர்சிடிஸ் வைத்திருந்த மூத்த அடியார்களின் வழிவந்தவர் என்பதால், இவர் விளக்கு அணைந்த பிறகும் இன்னொரு முறை திருகி, இன்னொரு முறை காத்திருப்பார். பிறகு எஞ்சின் இருமும். ஆணிப்பெட்டியைக் குலுக்குவது போன்ற ஓசையும் சாம்பல்நிறப் புகையும் எழும். தெருவே அறிய வண்டி உயிர்பெறும். இதே நேரத்தில் எதிர்வீட்டுப் பெண்மணி, காப்பிக் கோப்பையும் கையுமாகச் சமையலறைச் சன்னலில் நின்றபடி, ரிமோட் பொத்தானை அழுத்தித் தம் பெட்ரோல் காரைக் கிளப்பியிருப்பார். பத்து நிமிடம் கழித்து அவர் ஏறும்போது உள்ளே கோடைகாலமே இருக்கும்.

இவ்விடத்தில் இயற்பியல் அடியாருக்கு இழைத்த பெரிய அநீதியைப் பதிவுசெய்ய வேண்டும். காருக்குள் வரும் வெதுவெதுப்பு எஞ்சின் வீணாக்கும் வெப்பத்திலிருந்து எடுக்கப்படுவது. பெட்ரோல் எஞ்சின் ஊதாரி, ஆகவே அதன் வீட்டில் எல்லோரும் கதகதப்பாக இருக்கிறார்கள். டீசல் எஞ்சின் சிக்கனக்காரன். வீணாக்க அதனிடம் அதிகம் இல்லை, நின்ற இடத்தில் ஓடவிட்டால் சூடேறவே மறுக்கும். அடியார் எந்த நற்பண்புக்காக அதை வாங்கினாரோ அந்த நற்பண்பே அவர் கால்விரல்களை விறைக்கவைக்கிறது. முகப்பு வலைக்குள் காற்றுப் புகாமல் அட்டைப்பெட்டித் துண்டைச் செருகுவது, இருமடங்கு காலுறை அணிவது, தம் மூச்சால் கண்ணாடி மூடிவிடாதிருக்க மெதுவாக மூச்சுவிடுவது ஆகிய முறைகளால் அவர் அலுவலகத்தை அடைவார்; அதாவது, அலுவலக வாயிலை நெருங்கும்போது உள்ளே சூடு வரத் தொடங்கும்.

குளிரில் எல்லா வண்டிகளுக்கும் மைலேஜ் குறையும் என்பது உண்மை. எண்ணெய் கெட்டிப்படுகிறது, டயரில் காற்றழுத்தம் இறங்குகிறது, அடர்ந்த காற்று வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. நகருக்குள் ஓட்டும் பெட்ரோல் கார், 25 டிகிரி செல்சியசில் தருவதைவிடச் சுழியத்துக்குக் கீழே 7 டிகிரியில் நூற்றுக்கு 15 அளவு குறைவாகத் தரும் என்றும், மூன்று நான்கு மைல் ஓடும் சிறு பயணங்களில் இழப்பு 24 வரை போகலாம் என்றும் அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. இந்த எண்களை அடியார் மனப்பாடமாகச் சொல்வார். தம்முடைய இழப்பையோ 'சிறப்புச் சூழல்' என்ற தலைப்பில் வேறொரு குறிப்பேட்டில் எழுதுவார். டுலூத் நகரில் சிறப்புச் சூழல் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது.

இத்தனை பாட்டுக்கும் மிஞ்சுவது என்ன என்று கணக்கிடுவது அநாகரிகம்தான். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டுபவருக்கு, கேலனுக்கு 30 மைல் தரும் பெட்ரோல் காரில் 500 கேலனும், 42 மைல் தரும் டீசல் காரில் 357 கேலனும் ஆகும். அமெரிக்காவில் மத்திய அரசின் வரி பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட்; பங்க்கிலும் டீசல் பெரும்பாலும் விலை கூடியே நிற்கும். பெட்ரோல் 3 டாலர், டீசல் 3.40 டாலர் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் ஆண்டுக்கு 286 டாலர். அதில் இருநிறப் புட்டிகள், மின்சாரம், வடிகட்டி, டீசல் காருக்கென்று முதலிலேயே கொடுத்த கூடுதல் விலை ஆகியவற்றைக் கழித்தால், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். உண்மையில் அடியார் பணத்தை மிச்சம்பிடிப்பவர் அல்லர். குளிரில் நிற்பதற்குக் கௌரவமான காரணம் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது, சிக்கனம் அதைக் கொடுத்தது.

அவருடைய நம்பிக்கைக்கு வந்த சோதனைகள் பல. 1978-இல் ஓல்ட்ஸ்மொபீல் வெளியிட்ட டீசல் எஞ்சின் தலைப்பகுதி போல்ட்டுகள் தாங்காமல் நாடெங்கும் பெயரைக் கெடுத்து 1985-இல் மறைந்தது. பெரிய இடி 2015 செப்டம்பர் 18 அன்று விழுந்தது. ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில், சோதனைக்கூடத்தில் இருப்பதை உணர்ந்து அங்கே மட்டும் புகையை ஒழுங்காக விடும் மென்பொருளைப் பொருத்தியிருந்தது என்றும், சாலையில் அவை நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுவாயுவை வரம்பைப்போல நாற்பது மடங்குவரை கக்கின என்றும் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்கள். 'தூய டீசல்' என்று விளம்பரம் செய்யப்பட்டவையும் அவற்றில் உண்டு, அந்தப் பெயரை நம்பி வாங்கியவர்களில் பலர் சூழலில் அக்கறையுள்ளவர்களே. செய்தி கேட்ட அடியார் முதலில் திகைத்தார், பிறகு வெட்கினார், மூன்றாவதாகக் கேட்ட கேள்வி, புகையைச் சரிசெய்தால் மைலேஜ் குறையுமா என்பது.

நிறுவனம் கார்களைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ஊழல் வெளிப்படுவதற்கு முந்தைய மதிப்போடு 5,100 முதல் 10,000 டாலர் வரை ஈடும் கொடுத்தது. அத்தனை ஆண்டுகளில் டீசல் அவருக்கு உண்மையாகவே லாபம் தந்தது அந்த ஒரு முறைதான், அதுவும் ஓட்டியதற்காக அன்று, விட்டுக்கொடுத்ததற்காக. திரும்பிய கார்கள் மிச்சிகனில் கைவிடப்பட்டிருந்த ஒரு விளையாட்டரங்கத்தின் வெளியிலும், கலிபோர்னியப் பாலைவனத்தில் விக்டர்வில் விமானநிலையத்திலும் வரிசைவரிசையாக நிறுத்தப்பட்டன. வடபனியில் இருமி வளர்ந்த பல வண்டிகள் முதன்முறையாக வெயில் கண்டு நின்றன. சில அடியார்கள் பெட்ரோலுக்கு மாறினார்கள். விற்க மறுத்துப் பழைய காரையே வைத்துக்கொண்டவர்களும், அதற்கும் முந்தைய மாடலைத் தேடிப்பிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆகவே சனவரி மாதத்தில் டுலூத் பக்கம் செல்ல நேரும் வாசகர், முகப்பில் மின்செருகி தொங்கும் ஒரு வேகனைக் கண்டால், அதன் உரிமையாளரிடம் வானிலையைப் பற்றிப் பேசலாம், ஏரியைப் பற்றிப் பேசலாம். வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று மட்டும் கேட்டுவிட வேண்டாம். குறிப்பேடு காரில்தான் இருக்கிறது, காருக்குள் சூடு வர இன்னும் அரைமணி ஆகும்.