தி.நகரில் கால்வாய் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் குடையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கால்வாய் தேடுகிறவர் வெயில் நாளில்தான் கிளம்ப வேண்டும். மழை நாளில் தேடுவது போங்காட்டம். அன்றைக்கு அதுவே உங்கள் ஸ்கூட்டர் சைலன்சருக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்.

வரைபடம் வேண்டாம், தெருப்பெயர் போதும். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு உண்டு, டேங்க் இல்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு; அங்கே நின்று பார்த்தால் எதிர் பிளாட் பால்கனியில் லுங்கி காய்வது தெரியும். நம் ஊருக்கு ஒரு நல்ல குணம்: ஏரியைத் தூர்ப்பார்கள், பெயரைத் தூர்க்க மாட்டார்கள். மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரன் 'லாங் டேங்க்' என்றே அழைத்த ஏரி ஒன்று இருந்தது. 1920களில் தண்ணீரை வடித்து, மனை பிரித்து, நடுவில் பனகல் பார்க்கை வைத்து, தி.நகர் என்று பிட்டி தியாகராயர் பெயரையும் சூட்டியாயிற்று.

நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறந்தார்கள். உள்ளே 1330 குறளும் கல்வெட்டில் இருக்கின்றன. இரண்டாவது அதிகாரம் வான்சிறப்பு. அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு வெளியே வாருங்கள். தேர்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஏனென்றால் மாம்பலம் கால்வாயும் அந்தப் பக்கம்தான் தொடங்குகிறது. தி.நகரைக் கடந்து நந்தனம் பக்கம் போய் அடையாற்றில் சேரும். நடுவில் சில இடங்களில் சிலாபுக்கு அடியிலும், சில இடங்களில் இரண்டு மதில்களுக்கு நடுவிலும் ஒளிந்துகொள்ளும். மூக்கைப் பிடித்துக்கொள்ளாதீர்கள், உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அதுதான். தணிகாசலம் சாலைப் பக்கம் டீக்கடையில் விசாரித்தேன்.

"கால்வாயா? இங்க ஏது சார் கால்வாய்? கூவம்தான் இருக்கு."

சென்னையில் கறுப்பாக ஓடுவதெல்லாம் கூவம். திருத்த முயலாதீர்கள், டீ ஆறிவிடும்.

ஆவணப் பிரியர்கள் தாலுகா அலுவலகத்தில் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச், அதாவது நில அளவைப் படம், கேட்கலாம். அதில் 'வாய்க்கால் புறம்போக்கு' என்று ஒரு சொல் அகப்பட்டால் சத்தமாகப் படிக்க வேண்டாம். அக்கம்பக்கத்தில் யாருக்காவது நெஞ்சு வலிக்கும். அதைவிட நம்பகமான ஆவணம் வீட்டு புரோக்கர்தான். "ரோட்டைவிடக் கொஞ்சம் எறக்கம் சார், ஆனா காத்து பிச்சிக்கிட்டு வரும்" என்று அவர் சொல்லும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வையுங்கள். நாலு புரோக்கர், நாலு புள்ளி. சேர்த்துக் கோடு போட்டால் நீரோட்டம் வந்துவிடும். கோடு துரைசாமி சுரங்கப்பாதைப் பக்கம் போனால், நீங்கள் கெட்டிக்காரர் என்று அர்த்தமில்லை. ஐப்பசியில் அது ஊருக்கே தெரிந்த குளம்.

இத்தனையும் முடியாதவர்கள் எங்கள் பிளாட்டின் தரைத்தளத்துப் பாட்டி வீட்டுக்கு வரலாம். பேரப்பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறார். பக்கத்திலேயே தண்ணீருக்கும் குறிப்பு உண்டு: 2015, இடுப்பு. 2021, முழங்கால். "பெரியவன்தான் உசரம்" என்பார். போன மாதம் பெயின்ட் அடிக்க ஆள் வந்தபோது, அந்த நிலையை மட்டும் தொடவே விடவில்லை.