வேலைநீங்கு படலம்

வேலை போகும் கதையைச் சொல்லும் படங்கள் ஏராளம். அவற்றுள் மாயம் கலந்தவை மட்டுமே இவ்வாராய்ச்சிக்கு உரியன. மாயம் கலவாதவற்றைச் சமூகப் படம் என்பர். விருது அவற்றுக்கு, வசூல் இவற்றுக்கு. முன்னோர் இத்துறைக்கு நூற்பா செய்யாது போயினமையின் யாமே ஒன்று செய்தோம்:

நாவினும் பொறியினும் நாட்டுச் சட்டத்தினும்
சடங்கினும் தேவர்தம் கவனப் பிழையினும்
ஐவகைப் படுமே வேலை போதல்
மாயம் விரவிய படத்தி னுள்ளே.

நாவினால் போதலாவது, வாயைக் கட்ட முடியாமல் வேலையை விடுதல். 'புரூஸ் ஆல்மைட்டி' (2003) இதற்கு இலக்கியம். பஃபலோ நகரத் தொலைக்காட்சி நிருபன் புரூஸ், தான் ஆசைப்பட்ட செய்தி வாசிப்பாளர் நாற்காலி போட்டியாளனுக்குப் போய்விட்டதை நயாகரா அருவிப் படகில் நேரலை தொடங்கும் நேரம் பார்த்துக் கேள்விப்படுகிறான். மைக் திறந்திருக்கிறது. கேட்க வேண்டுமா, சீட்டுக் கிழிகிறது. பிறகு கடவுளே வந்து தம் சக்தியைக் கையில் கொடுக்கிறார். நிலவை இழுத்து ஜன்னலருகே நிறுத்துகிறான், கிண்ணத்துச் சூப்பை இரண்டாகப் பிளக்கிறான். எல்லாம் சரி, அந்தச் சக்தியை வைத்து அவன் மும்முரமாகச் செய்யும் காரியம் எது எனின், துரத்திவிட்ட அதே அலுவலகத்தில் மறுபடி சேர்வது. படமெடுப்பவர்களுக்குக் கடவுளைக் கற்பனை செய்வது எளிதாக இருக்கிறது. மாதச் சம்பளம் இல்லாத மனிதனைத்தான் கற்பனை செய்ய முடியவில்லை. இதுவே இவ்வுரையின் துணிபு.

பொறியினால் போதலுக்கு டிம் பர்ட்டனின் 'சார்லி அண்ட் த சாக்லேட் ஃபேக்டரி' (2005). சார்லியின் அப்பா பற்பசை ஆலையில் ட்யூபுக்கு மூடி திருகுகிறவர். அவர் வேலை போன வழியை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். சாக்லேட் முதலாளி வோன்கா, உறைகளுக்குள் தங்கச் சீட்டு ஒளித்து வைக்கிறார்; உலகமே சாக்லேட் வாங்கித் தின்கிறது; பல் சொத்தையாகிறது; பற்பசை விற்பனை ஏறுகிறது; ஆலையில் காசு புரள்கிறது; அந்தக் காசில் ஓர் இயந்திரம் வருகிறது; இயந்திரத்துக்கு மூடி திருகத் தெரிகிறது. ரோவால்ட் டாலின் 1964 நாவலில் ஆலை நொடித்து மூடப்படுகிறது. படத்தில் ஆலை கொழித்ததால் வேலை போகிறது. மூலத்தை மாற்றினால் முகம் சுளிப்பவன் நான். இந்த ஒரு மாற்றத்துக்கு மட்டும் எழுந்து நின்று கைதட்டலாம். அற்றேல், சாக்லேட் ஆறு ஓடும் இப்படத்தில் அப்பாவுக்குக் கிடைத்த வரம் யாது எனின், தன்னை வெளியேற்றிய அந்த இயந்திரம் பழுதானால் சரி செய்யும் வேலை.

சட்டத்தினால் போதல் சிறுபான்மை. 'தி இன்கிரெடிபிள்ஸ்' (2004) படத்தில் காப்பாற்றப்பட்டவர்களே வழக்குப் போட, அதிசக்தி நாயகர்களின் தொழிலையே அரசு தடை செய்கிறது. அவர்களுள் ஒருவரான பாப் பார் இன்ஷூரன்ஸ் கம்பெனி மேசைக்கு வருகிறார். மேலதிகாரியைச் சுவர் சுவராகத் துளைத்துப் போகும்படி வீசியதில் அதுவும் போகிறது. இங்கே இல்லாளுக்கு உரைத்தல், உரையாமை என்னும் உட்பிரிவு பிறக்கிறது. பாப் உரையாமையின் உச்சம். வேலை போனதை மறைத்துக் கம்பெனி விஷயமாக வெளியூர் என்று கிளம்புகிறார், உடம்பைத் தேற்றுகிறார், புதுக் கார் வாங்குகிறார். ஒரு காரைத் தலைக்கு மேல் தூக்கக்கூடிய ஆளுக்கு, “வேலை போச்சு” என்று வீட்டில் சொல்ல வரவில்லை.

இனிச் சடங்கு. ஐந்தனுள் தலையாயது இதுவே. 'மேரி பாப்பின்ஸ்' (1964), கதை நிகழ்வது 1910 லண்டனில். பேங்க்ஸ் என்னும் வங்கி அலுவலரின் சிறுவன், தன் இரண்டு பென்னியை முதலீடு செய்ய மறுத்து, காசைத் திருப்பிக் கொடு என்று கத்துகிறான். வங்கி பணம் தர மாட்டேன் என்கிறது போலும் என்று எண்ணி வாடிக்கையாளர் கூட்டம் முண்டியடிக்கிறது. அன்று இரவே அப்பாவை அழைக்கிறார்கள். நீண்ட அறை, வரிசையாக இயக்குநர்கள். சட்டையில் செருகிய சிவப்புக் கார்னேஷன் பூவைப் பிய்க்கிறார்கள். குடையை உள்வெளியாகத் திருப்புகிறார்கள். தொப்பியைக் குத்திக் கிழிக்கிறார்கள். தோற்ற வேந்தன் இழப்பவை தார், குடை, முடி என்று புறத்திணை கற்றோர் அறிவர். லண்டன் வங்கியார் ஒன்றும் விடவில்லை. மாதக் கடைசியில் மின்னஞ்சல் அனுப்பி அடையாள அட்டையை முடக்குகிறவர்களுக்கு இந்த மரியாதை எங்கே தெரியப் போகிறது? ('ஸ்பைடர்மேன் 2' படத்தில் பீட்சா தாமதமானதற்காக முதலாளி, பீட்டரின் ஹெல்மெட்டில் ஒட்டியிருந்த கடைச் சின்னத்தைப் பிய்ப்பதும் சடங்கின்பாற்படும், ஆனால் குறுஞ்சடங்கு.) பேங்க்ஸ் கிளம்புமுன் சொன்ன மரக்கால் நகைச்சுவை வங்கியின் மூத்த கிழவருக்குச் சற்றுத் தாமதமாகப் புரிகிறது, சிரித்தபடி அந்தரத்தில் மிதந்து, சிரித்தே செத்தும் போகிறார். காலியான இடத்தில் பேங்க்ஸ் பங்குதாரர். மேரியின் பறக்கும் குடையை நம்பிவிடலாம். வேலையை விட்டுத் துரத்திய நிர்வாகம் மறுநாளே பதவி உயர்வோடு வருவதை நம்பத்தான் பெரிய மனசு வேண்டும்.

தேவர் பிழை நம் ஊரில் தழைக்கும் வகை. 'லக்கி மேன்' (1995) படத்தில் விதியின் ஏடு பூமியில் விழ, எமனும் சித்திரகுப்தனுமாகக் கவுண்டமணியும் செந்திலும் தேடி இறங்குகிறார்கள். ஏடில்லாத எமலோகம், சர்வர் படுத்த தாலுகா ஆபீஸ். சிம்புதேவனின் 'அறை எண் 305இல் கடவுள்' (2008) 'புரூஸ்' வழியில் வந்ததே எனினும் நுட்பம் வேறு. இங்கே நாயகர்கள் வேலையை இழந்தவர்கள் அல்லர், கிடைக்காதவர்கள்; திருவல்லிக்கேணி மேன்ஷன்காரர்கள். கடவுள் தாமாகச் சக்தியைக் கொடுக்கட்டும் என்று காத்திராமல், அது இருக்கும் பெட்டியோடு கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள். வேலை போனது கடவுளுக்கு. முறையிட அவருக்கு மேலே ஆளில்லை, யூனியனும் இல்லை.

புறனடை: இவ்வைந்தனுள் அடங்காதது ஒன்று உண்டு. போன சக்தி திரும்புகிறது, நாற்காலி திரும்புகிறது, பி.எஃப். பணம் கைக்கு வந்ததாக ஒரு காட்சியும் யாம் கண்டிலம். அதை எடுக்கத் துணிவார் உளரேல் அது ஆறாம் வகை எனக் கொண்டு நூற்பாவைத் திருத்திக்கொள்க.