நூறு வருஷக்காரர்

எந்த நூல் வெளியீட்டு விழாவுக்குப் போனாலும் மேடையில் நான்காவது நாற்காலியில் நம் விமர்சகர் இருப்பார். தலைமை தாங்குபவருக்கு வேறு கூட்டத்துக்குப் போகிற அவசரம். முதல் பிரதி வாங்குபவருக்குப் புத்தகத்தின் தலைப்பே வாயில் நுழையாது. நம்மவர் மட்டும் நிதானமாக எழுந்து, மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கி, "நான் மிகைப்படுத்திப் பேசுறவன் இல்லை" என்று தொடங்குவார். முன்வரிசைக்காரர்கள் அந்த இடத்திலேயே கைதட்டத் தயாராகிவிடுவார்கள். அடுத்த வரி எல்லோருக்கும் மனப்பாடம்: "இந்த நாவல் நூறு வருஷம் நிக்கும்!"

நூறு என்பது அடிப்படை விலைதான். எழுதியவர் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரியாக இருந்தால் இருநூறாகும். பதிப்பாளர் இவருடைய கட்டுரைத் தொகுப்பையும் போடுவதாகச் சொல்லியிருந்தால், பேச்சு வள்ளுவரில் ஆரம்பித்து, கம்பரைத் தாண்டி, நேராக இந்தப் புத்தகத்தில் வந்து இறங்கும். எதிர்முகாம் ஆள் எழுதியது என்றால், "அடுத்த ஜனவரி வரைக்கும் ஓடும்." அடுத்த ஜனவரியில்தான் அடுத்த புத்தகக் கண்காட்சி.

புத்தகத்தைப் படித்தாரா என்று கேட்பது நாகரிகமில்லை. மேற்கோள்கள் எல்லாம் முன்னுரையிலிருந்தே வரும், அவ்வளவுதான் சொல்வேன்.

இந்தத் தொழிலின் பெரிய சௌகரியம், பொய்த்துப்போனால் வந்து கேட்க ஆள் இருக்காது என்பது. மழை வரும் என்று சொன்னவர் மறுநாளே தெருவில் தலைகாட்ட முடிவதில்லை. நம்மவருக்கோ நூறு வருஷம் வாய்தா. ஆனாலும் வருங்காலத்தைவிட இறந்தகாலத்தைக் கணிப்பதில்தான் அவர் சூரர். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வந்தது. சிங்காரம் மதுரையில் பத்திரிகை அலுவலக வேலை, தனி அறை, தனி வாழ்க்கை என்று இருந்துவிட்டு 1997-இல் காலமானார். நாவலுக்குப் பெரிய பேர் வந்தது அதற்குப் பிறகுதான். இந்தப் பேச்சை எடுத்தால் போதும், நம்மவர் பெருமூச்சு விடுவார். "வந்த வாரமே சொன்னேன் சார், இது கிளாசிக்னு. ஒருத்தனும் காதுல வாங்கலை." வாங்காததில் வியப்பில்லை. 1972-இல் அவர் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தார்.

அவருக்குத் தீராத தலைவலி கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. 1950-இல் தொடராகத் தொடங்கி 1954-இல் முடிந்த கதை. எழுபது வருஷம் தாண்டியும் நந்தனம் புத்தகக் கண்காட்சியில் அடுக்கடுக்காகக் கட்டிவைத்து விற்கிறார்கள். ஐந்து பாகத்தையும் தூக்கமுடியாமல் தூக்கிக்கொண்டு கல்லூரிப் பெண்கள் பஜ்ஜிக் கடைக்கு நடக்கிறார்கள். "உங்க கணக்குப்படி இது கிட்டத்தட்ட பாஸ் ஆயிடுச்சே?" என்று கேட்டுப் பார்த்தேன். "அது விக்குது தம்பி. நிக்கலை" என்றார். விற்பதற்கும் நிற்பதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்க வாயெடுப்பதற்குள், தன்னுடைய கவிதைத் தொகுப்பை உதாரணம் காட்டினார். அது விற்கவே இல்லை. வீட்டில் கட்டிலுக்கடியில் முதல் பதிப்பு முழுசாக நிற்கிறதாம்.

கல்கி ஓடுவதற்கு நயம் மட்டும் காரணமில்லை என்பதை அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்; நான் ஒப்புக்கொள்வேன். 1999-இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், மலிவாக விற்கலாம். மற்றவர்கள் கதை வேறு. நம் நாட்டுச் சட்டப்படி எழுத்தாளர் கண்ணை மூடி அறுபது ஆண்டு வரை உரிமை குடும்பத்துக்கு. நாற்பது வயதில் நாவல் எழுதி எண்பது வரை இருந்தவர் என்றால் கூட்டிப் பாருங்கள்: நாற்பதும் அறுபதும் நூறு. நம்மவர் சொல்கிற அதே நூறு! அந்த நூறு வருஷமும் புத்தகம் நிற்குமா என்பது பெரும்பாலும் விமர்சகர் கையில் இல்லை. முதலில் எழுத்தாளரின் கோபதாபங்கள், பிறகு மூத்த மகன், இளைய மருமகன், பேரன், அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா என்பது. இதை அவரிடம் சொன்னேன். அன்றிலிருந்து வெளியீட்டு விழாக்களில் எழுத்தாளரின் பிள்ளைகளிடம் ரொம்ப அன்பாகப் பேசுகிறார்.

நூறு வருஷத்துக்கு முன்னால் இவர் இருந்திருந்தால் யார் பேரைச் சொல்லியிருப்பார்? சந்தேகமே வேண்டாம், ஜே.ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார். துப்பறியும் கதைகளால் ஊரைத் தூங்கவிடாமல் அடித்தவர்கள். இன்று ஆராய்ச்சி மாணவர்கள்தான் தேடிப் போகிறார்கள், அதுவும் வழிகாட்டி சொன்னால்.

போன மாதம் டீக்கடையில் அவரிடம் சீவக சிந்தாமணிக் கதையைச் சொன்னேன். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், உ.வே.சாமிநாதையர் படித்ததாகச் சொன்ன அந்தாதி, பிள்ளைத்தமிழ்ப் பட்டியலில் மயங்காமல், சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டுவைத்தார். அந்த ஒரு கேள்விக்குப் பதிலாக ஏழு வருஷம் ஏடுகளோடு மல்லுக்கட்டி, 1887-இல் ஐயர் அதை அச்சில் கொண்டுவந்தார். வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் அப்படி ஒரு முன்சீப் வாய்க்கவில்லை. சில பாட்டுகள் தவிர இரண்டுமே போய்விட்டன. ஆனால் ஐம்பெருங்காப்பியம் என்ற பட்டியலில் இரண்டும் கம்பீரமாக உட்கார்ந்திருக்கின்றன.

அவர் கண் விரிந்தது. "அப்போ புத்தகம் போனாலும் பட்டியல் நிக்கும்!"

"நிக்கும். ஆனா ஒண்ணு சார். ஐம்பெருங்காப்பியம்னு முதல்ல எழுதினவர் மயிலைநாதர், நன்னூல் உரையில. அஞ்சுன்னுதான் சொன்னார். எந்த அஞ்சுன்னு சொல்லலை. பேரெல்லாம் பின்னால வந்தவங்க போட்டது."

டீ ஆறுகிற வரை அவர் பேசவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு வெளியீட்டு விழா. அதே நான்காவது நாற்காலி. எழுந்தார், மைக்கை இறக்கினார். மிகைப்படுத்திப் பேசுகிறவன் இல்லை என்றார். "இந்த நூற்றாண்டில் தமிழில் வந்த நாவல்களில் ஐந்து நிற்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றை எழுதியவர் இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார்." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அரங்கத்தில் பதினோரு நாவலாசிரியர்கள் இருந்தார்கள். பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாகச் சிரித்தார்கள்.