ரெண்டாம் கை

ஓ.எல். சோதனை கிட்டக்கிட்ட தம்பிலுவில் பிள்ளைகளுக்குக் கை ஒன்று கூடிவிடும். 'ஒன் த அதர் ஹான்ட்' என்ற கை. கைத்தொலைபேசியின் நன்மை தீமைகளை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நன்மையைத் தொடாமலே நேரே இந்தக் கையில் தொடங்கிவிடுவார்கள். "முதல் கை எங்க மனே?" என்று ஒருவனைக் கேட்டேன். "அது எல்லாருக்கும் தெரிஞ்சதானே சேர்" என்றான்.

இந்தத் தொடரின் சட்டம் லேசு. ஒரு விஷயத்துக்கு ரெண்டு பக்கம் வேணும், ரெண்டும் உண்மையாக இருக்க வேணும். சொன்னதையே இல்லையென்று அடித்துப் பேசுவதற்கு 'ஒன் த கான்ட்ரரி' என்று வேறு ஆயுதம் உண்டு. "மீன் பட்டதா?" என்று கேட்க, "எங்க பட்டது, வலைதான் கிழிஞ்சது" என்றால் அது கான்ட்ரரி. "மீன் பட்டது, ஆனா விலை விழுந்திட்டு" என்றால் அதர் ஹான்ட். "வலையும் கிழிஞ்சி விலையும் விழுந்தா என்ன சேர்?" என்றது கடைசி வாங்கு. அதற்கு ஆங்கிலத்தில் தொடர் கிடையாது. தமிழில் உண்டு, வகுப்பில் சொல்ல ஏலாது.

எங்கட பக்கத்துக்குக் கான்ட்ரரிதான் பழக்கம். கண்ணகை அம்மனுக்காக முந்தி விளையாடிய கொம்புமுறியில் ஊரே ரெண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த கொம்புகள் ரெண்டைக் கொளுவி, கயிறு கட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பார்கள். ஒன்று முறிந்தே ஆக வேண்டும். முறிந்த சேரிக்கு வசையும் விழும். ரெண்டு கொம்பும் முறியாமல், நீயும் சரி நானும் சரி என்று வீட்டுக்குப் போவதற்கா இவ்வளவு பேர் கூடுவது?

முறியாத கொம்பால் அலுத்துப்போனவர்கள் வெளியிலும் உண்டு. ஒரு கையில் இப்படி, மறு கையில் அப்படி என்றே ஆலோசகர்கள் பேசியதில் வெறுத்துப்போய், ஒற்றைக் கையுள்ள பொருளியலாளர் ஒருவரைத் தேடித் தரச் சொன்னாராம் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன். கதைதான். எங்கட பக்கம் வந்து பன்னிரு கை முருகனைப் பார்த்திருந்தால் மனுசன் பதவியையே விட்டிருப்பார்.

பிள்ளைகளையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் காதில் விழுகிற 'ஆனா' வேறு சாதி. அக்கரைப்பற்றுத் துணிக்கடைக் காக்கா "ஒங்களுக்குக் குறைச்சித் தரத்தான் விருப்பம், ஆனா..." என்று இழுத்தால், கேட்ட காசை எண்ணி வைக்க வேண்டியதுதான். கல்யாணப் பேச்சில் "பொடியன் தங்கமான பொடியன், குடிவெறி ஒண்டுமில்ல, கவுண்மென்ட் உத்தியோகம், ஆனா..." என்றதும் பொம்பிளை வீடு தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடும். ஆனாவுக்கு முன்னால் வருவதெல்லாம் சாமான் சுற்றின கடதாசி. அதை யாரும் வாசிப்பதில்லை. பிறகு சோதனைத் தாளில் மட்டும் பிள்ளை ஏன் முதல் கையை எழுதப் போகிறான்?

போன கிழமை ஒரு தாய் வந்தார். மகன் ரெண்டு கையையும் ஒழுங்காக எழுதியிருந்தான்.

"பொடியன் கெட்டிக்காரன் அக்கா" என்றேன்.

அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஆனா?"

"ஆனா ஒண்டுமில்ல."

"பரவாயில்ல, மறைக்காமச் சொல்லுங்க சேர். நான் தாங்குவன்."