கிட்டிப்புள் அண்ணாச்சி

மே மாதம் பிறந்தால் மாம்பழம் வருகிறதோ இல்லையோ, அண்ணாச்சியின் பால்யம் வந்துவிடும். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். இப்போது இருப்பது சென்னையில், நாலாவது மாடி. பேரன் கையில் செல்போனைக் கண்டால் போதும், "ஏலே, உன் வயசுல நாங்க..." என்று ஆரம்பித்துவிடுவார். மாடிக்கு ஒருவர் இப்படி உண்டு. ஊர்தான் பட்டுக்கோட்டை, பரமக்குடி என்று மாறும்.

அம்பாசமுத்திரத்துக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவே ஓடும் தாமிரபரணியை அவர் நீந்திக் கடந்த கதையில் ஆறு வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போகிறது. போன கோடையில் முதலை இல்லை. இந்தக் கோடையில் வந்துவிட்டது.

ஆனால் கைவேலை என்று வந்தால் மனிதர் பொய் கலப்பதில்லை. தீப்பெட்டியில் ஊசியால் காற்றுக்கு ஓட்டை போட்டு, வேலமரத்து இலையைக் கிள்ளி வைத்து, பொன்வண்டை உள்ளே விட்டு, முட்டை போட்டதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்த்ததைச் சொல்லும்போது அவருடைய விரல்கள் தாமாகவே பெட்டியைத் தள்ளித் திறக்கும். நுங்கு தின்ற கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கம்பால் தெருவெல்லாம் தள்ளிக்கொண்டு போன வண்டிக்கு அவரே டிரைவர், அவரே ஹாரன். பம்பரத்தில் வாங்கிய ஆக்கர் எத்தனை என்பது இன்றைக்கும் துல்லியமாக நினைவிருக்கிறது. மனைவி வாங்கிவரச் சொன்ன கொத்தமல்லிதான் நினைவிருப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை செயலிலேயே இறங்கிவிட்டார். பழைய மாப்புக் கம்பை வெட்டி ஒரு முழத்துக்குக் கிட்டி. நாலு விரல் நீளத்தில், இரு முனையும் கூராகச் சீவிய புள். பிள்ளைகளைக் கார் நிறுத்துமிடத்துக்குத் திரட்டி, "இதுதான்லே கில்லி!" என்றார்.

"கில்லின்னா விஜய் படம்தானே தாத்தா?"

அதுவும் நியாயம்தான். 2004இல் வந்து, 2024இல் மறுபடியும் தியேட்டரை நிரப்பிய படம். அதில் விஜய் ஆடுவது கபடி என்பது வேறு விஷயம்.

அண்ணாச்சி குனிந்தார். புள்ளின் முனையைத் தட்டினார்; அது எழும்பியது. ஓங்கி அடித்தார். அடி சுத்தம். புள் பறந்துபோய் இரண்டாவது மாடிக்காரர் காரில் விழ, கார் அலற ஆரம்பித்தது. பிள்ளைகள் சிட்டாய்ப் பறந்துவிட்டார்கள். இடுப்பு பிடித்துக்கொண்டதால் அண்ணாச்சியால் மட்டும் ஓட முடியவில்லை.

அவர் சாய்ந்து நின்ற தூணில் ஓர் அறிவிப்பு: "இங்கே சிறுவர்கள் விளையாடக் கூடாது. இப்படிக்கு, சங்கச் செயலாளர்." போன வருஷம் ஒட்டியது. கையெழுத்து அண்ணாச்சியுடையது.