ஆர்2-விலிருந்து ஒரே தாவல்

கேள்வி: விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-ஐக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் மாரடித்தாயிற்று. இப்போது 2025 படிக்கச் சொல்கிறார்கள். கற்றதெல்லாம் வீண்தானா?
- ஒரு சிஸ்டம் அட்மின், பேச்சிப்பாறை

பதில்: உங்களூர் அணை 1906-ல் கட்டி முடித்தது. ஷட்டரைப் பழுதுபார்ப்பார்கள், கோதையாற்றை மாற்றுவதில்லையே! ஆக்டிவ் டைரக்டரியும் டிஎன்எஸ்ஸும் 2025-லும் உண்டு. ஆனால் ஆர்2-க்கான வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2023 அக்டோபர் 10-ஓடு நின்றுபோயின. சொந்த மெஷினுக்கு அதன்பிறகு காசு, அதுவும் மூன்றே வருஷம்.

ஆர்2-விலிருந்து 2025-க்கு ஒரே தாவலில் போகலாம். வெறும் 2012-காரர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சர்வர் கோரில் மவுஸுக்கு வேலை குறைவு, பவர்ஷெல்லைப் பழகுங்கள். 180 நாள் இலவசப் பதிப்பை விர்ச்சுவல் மெஷினில் போட்டு உருட்டுங்கள். திற்பரப்பு அருவிக்குப் போகிற வெள்ளிக்கிழமை மட்டும் ஆபீஸ் சர்வரில் கை வைக்காதீர்கள்.