உலக விவகாரமும் ஒரு தட்டு பிஸ்கட்டும்: குழுவியல் நோக்கில் ஓர் ஆய்வு

அமெரிக்க நகரங்களில் ‘உலக விவகார மன்றம்’ என்றோர் அமைப்பு பரவலாகக் காணப்படுகிறது. தேசியக் கூட்டமைப்பில் சேர்ந்தவை மட்டுமே ஏறக்குறைய 90. ஒரு தூதரையோ பேராசிரியரையோ நாடு சுற்றிய பத்திரிகையாளரையோ அழைத்துப் பேசவைப்பது, பேச்சு முடிந்ததும் கேள்வி கேட்பது, கேள்வி முடிந்ததும் காபி குடிப்பது ஆகிய மூன்றும் இம்மன்றத்தின் புறம். அகம் என்பது குழு. நிகழ்ச்சிக் குழு, உறுப்பினர் சேர்க்கைக் குழு, கல்விக் குழு, நிதி திரட்டும் குழு, உபசரிப்புக் குழு, இந்தக் குழுக்களுக்கெல்லாம் ஆள் பிடிக்கும் நியமனக் குழு என அது விரியும். சம்பளம் வாங்குவோர் ஓரிருவர், ஏனையோர் தன்னார்வலர், அவர்களில் பெரும்பாலோர் பணி ஓய்வு பெற்றவர்கள். இத்தன்னார்வலர் கூடிய அறையில் நிகழ்வது யாது, அஃது ஏன் நிகழ்கிறது என்பதே இவ்வாய்வின் பொருள்.

லண்டனின் சாத்தம் ஹவுஸ், நியூயார்க்கின் வெளியுறவு கவுன்சில் போன்ற பெருந்தெய்வங்கள் இவ்வாய்வின் எல்லைக்குள் வாரா. சாத்தம் ஹவுஸில், ஒரு கருத்தைச் சொன்னவர் இன்னார் என்று வெளியே சொல்லக் கூடாதென 1927இலேயே விதி செய்து வைத்தார்கள். நம் மன்றத்துக்கு அந்த விதி தேவைப்படுவதில்லை. பேசப் போகிறவர் இன்னார் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதுமென்றுதான் இங்கே விளம்பரத் துணைக்குழு அல்லாடிக்கொண்டிருக்கிறது.

வரலாற்றைச் சுருங்கச் சொல்லிக் கடப்போம். முதல் உலகப் போர் முடிந்த 1918இல் நியூயார்க்கில் ஒரு சங்கம் எழுந்தது. வெளியுறவுக் கொள்கைச் சங்கம் என்ற பெயர் அதற்குச் சற்றுப் பின்னர் வந்தது. சாதாரணக் குடிமகனுக்கும் வெளியுறவு புரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். 1945இல் ஐ.நா. சாசனம் சான் பிரான்சிஸ்கோவில் கையெழுத்தானது. இரண்டு ஆண்டுகளில் அவ்வூரிலும் ஒரு மன்றம் தோன்றிவிட்டது. மேற்படிச் சங்கம் 1954இல் ‘கிரேட் டிசிஷன்ஸ்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுதோறும் எட்டோ ஒன்பதோ உலகப் பிரச்சினைகளைப் புத்தகமாக அச்சிட்டு அனுப்புவார்கள். ஊர் நூலகத்தில் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து, வாரத்துக்கொரு பிரச்சினையாகத் தீர்ப்பார்கள்.

அதே 1954இல் இன்னொன்றும் நடந்தது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளைகள் தேர்தலில் எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாதென்று சட்டம் வந்தது. மன்றங்கள் சட்டத்துக்கும் ஒரு படி மேலே போயின. வேட்பாளர் மட்டுமல்ல, எந்த நாட்டைப் பற்றியும் எந்தப் போரைப் பற்றியும் மன்றத்துக்கென்று ஒரு நிலைப்பாடும் கிடையாது என்று தாமே எழுதி வைத்துக்கொண்டன. உறுப்பினர் தம் வீட்டில் என்ன வேண்டுமானாலும் நினைக்கலாம். மன்றமாக வாய் திறக்கக் கூடாது.

நம் ஆய்வு இங்கே தொடங்குகிறது. நிலைப்பாடு எடுப்பதற்கென்றே பிறந்தவர்களை ஓரறையில் கூட்டி, நிலைப்பாடு எடுக்காதீர் என்றால் அந்த ஆற்றல் எங்கே போகும்?

‘இதற்குப் பார்க்கின்சன் என்றோ விடை சொல்லிவிட்டாரே’ என்று கேட்பார் உளர். நார்த்கோட் பார்க்கின்சன் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர். அலுவலக வேலை எவ்வாறு தானே பெருகும் என்று விதி கண்டவர். அணு உலைக்கான பெருந்தொகைக்குச் சில நிமிடங்களில் ஒப்புதல் தந்துவிட்டு, சைக்கிள் கொட்டகையின் கூரைக்கு நெடுநேரம் மல்லுக்கு நிற்கும் ஒரு நிதிக் குழுவை அவர் 1957இல் எழுதிக் காட்டினார். அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லாருக்கும் புரியும் என்பது அவர் சொன்ன காரணம். நம் மன்றத்துக்கு அது பொருந்தாது. என்னை? இங்கே அணு உலை புரிந்தவர்களே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தூதரகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒருவர் இளவயதில் பீஸ் கோர் தொண்டராக ஆப்பிரிக்கச் சிற்றூரில் கிணறு வெட்டியவர். அடுத்தவர் கல்லூரியில் சோவியத் வரலாறு நடத்திக்கொண்டிருக்கும்போதே சோவியத் மறைந்து போகக் கண்டவர். தைவான் நீரிணையைப் பற்றி இவர்கள் விடிய விடியப் பேசுவார்கள். பேசக் கூடாது என்பதுதான் சிக்கல். ஆகவே, பார்க்கின்சன் குழுவின் நோய் அறியாமை. நம் குழுவின் நோய் அடக்கம்.

இதிலிருந்து பெறப்படுவது கருத்து அழியா விதி: கருத்தை அழிக்க முடியாது, ஓரிடத்தில் அடைத்தால் வேறோரிடத்தில், பெரும்பாலும் சிற்றுண்டி மேசையில், வெளிப்படும். உக்ரைன் போர் பற்றிய உரைக்கு நிகழ்ச்சிக் குழு ஒரு தலையசைப்பில் ஒப்புதல் தரும். உரைக்குப் பின் வைக்கும் பிஸ்கட்டில் பாதாம் இருக்கலாமா என்பதற்கு இரு தரப்பும் ஆவணங்களோடு வரும். பாதாம் ஒவ்வாதவர்களின் உரிமை ஒருபுறம். எப்போதும் வாங்கும் கடைக்காரருக்கு மன்றம் பட்டிருக்கும் நன்றிக்கடன் மறுபுறம். இடையில் ஒருவர் இரு தட்டுத் தீர்வு என்று ஒன்றை முன்மொழிவார். அந்தச் சொல்லாட்சி எந்தப் பிரதேசத்தை நினைவூட்டுகிறது என்று அறையில் எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.

உரைத் தலைப்புகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நடுநிலை என்னும் அருவமான பண்பு உருவம் பெறும் இடம் அதுவே. ‘சீனாவின் எழுச்சி’ என்று தலைப்பிட்டால் ஒருவர் அதில் வியப்பைக் காண்பார். ‘சீன அச்சுறுத்தல்’ என்றால் இன்னொருவர் பதவி விலகுவார். ‘சீனா: கூட்டாளியா, போட்டியாளரா?’ என்றால் எல்லாரும் மூச்சு விடுவார்கள். கேள்விக்குறிதான் குழுவின் கேடயம். அதைப் போட்டுவிட்டால் எதையும் சொல்லலாம். யாரும் எதையும் சொன்னதாகாது. இதன் முதிர்ந்த நிலையில் விடை தெரிந்தவற்றுக்கும் கேள்விக்குறி போடத் தொடங்குகிறார்கள். ‘பெருங்கடல்கள் வெப்பமாகின்றனவா?’ என்ற தலைப்பைப் பார்த்துவிட்டு, பேச வரவிருக்கும் கடலியலாளர் ‘ஆம்’ என்று ஒரே சொல்லில் உரையை முடித்துவிட்டால் மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று கவலைப்படும் செயலாளரையும் இவ்வகைக் குழுக்களில் காணலாம்.

அடுத்தது கொடி. இதைச் சிறு விஷயம் என்று எண்ணுவோர் குழுவில் இருந்ததில்லை என்க. அமெரிக்காவில் கொடியை எப்படி வைப்பதென்று 1942இல் காங்கிரஸ் சட்டமே இயற்றியிருக்கிறது. மேடையில் கம்பத்தில் நிற்கும் தேசியக் கொடி, அவையை நோக்கி நிற்கும் பேச்சாளரின் வலப்பக்கம் இருக்க வேண்டும். பேச்சாளரின் வலம் என்பது முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரின் இடம். ஆகையால் ஒவ்வொரு கூட்டத்திலும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து, கொடி தவறான பக்கம் இருப்பதாக வருத்தத்தோடு தெரிவிப்பார். உபசரிப்புக் குழுவினர் ஒருவர் அவரை மேடைக்கு அழைத்துச் சென்று, அவையை நோக்கித் திருப்பி நிறுத்தி, அவருடைய வலக்கையைத் தூக்கிக் காட்டுவார். அவர் தெளிந்து இறங்கிப் போய்ப் பழைய இடத்தில் அமர்ந்ததும் ஐயம் மீண்டும் பிறக்கும்.

இது தொடக்கம்தான். அமைதிக் காலத்தில் ஒரு நாட்டின் கொடியை மற்றொரு நாட்டின் கொடிக்கு மேலே பறக்கவிடக் கூடாது. கொடிகள் தனித்தனிக் கம்பங்களில், ஒரே உயரத்தில், ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. தூதரோடு வந்த கம்பம் மன்றத்துக் கம்பத்தை விட இரண்டு விரற்கடை குட்டையாக இருந்தால் என்ன செய்வது? அடியில் பழைய ‘கிரேட் டிசிஷன்ஸ்’ புத்தகங்களை வைத்து உயர்த்தலாம். இப்புத்தகங்களின் பயன்பாடுகளுள் இது ஒன்றே உலக நாடுகளைச் சமநிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. சுவிட்சர்லாந்துத் தூதர் வந்தால் சிக்கல் வேறு. அவர்கள் கொடி சதுரம். நேபாளத் தூதர் வந்தாலோ, இரண்டு முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அந்தக் கொடிக்கும் செவ்வகமான அமெரிக்கக் கொடிக்கும் அளவு ஒப்பிடுவது எப்படி? நீளத்தை வைத்தா, பரப்பளவை வைத்தா? வடிவியல் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் குழுவில் இருப்பது அப்போதுதான் தெரியவரும். அதன்பின் அவரை நிறுத்துவது கடினம்.

பள்ளி மாணவர்களுக்கு மன்றங்கள் நடத்தும் வினாடி வினாப் போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நால்வர் அணிகள் வரும், வென்றவர்கள் வாஷிங்டனில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போவார்கள், பெற்றோர் படம் எடுப்பார்கள். ஆய்வுக்குரியது விடைத்தாள் மட்டுமே. சுவாசிலாந்து 2018இல் எஸ்வாத்தினி ஆனது. மாசிடோனியா 2019இல் வட மாசிடோனியா ஆனது. 2022இல் துருக்கி ஆங்கிலத்திலும் தன்னைத் துருக்கியே என்றுதான் எழுத வேண்டுமென்று ஐ.நா.வைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பழைய பெயர் எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் உண்டா? மியன்மாரைப் பர்மா என்று எழுதியவன் தவறு செய்தானா, நிலைப்பாடு எடுத்தானா? பாரசீக வளைகுடாவை வெறும் வளைகுடா என்று எழுதினால் அது அறியாமையா, ராஜதந்திரமா? இப்பகுதியில் மட்டும் நடுநிலை என்பது பிஸ்கட் வழியாகத் தப்ப முடியாமல் நேரடியாகக் குழுவின் கழுத்தைப் பிடிக்கிறது. கல்விக் குழுவில் பதவி விலகல்கள் மிகுவதற்கு இதுவே காரணம் என்பது எம் துணிபு.

வெளிநாட்டு விருந்தினர் வருகை தனி இயல். அமெரிக்க அரசு 1940இல் தொடங்கிய திட்டம் அது. வளர்ந்து வரும் தலைவர்களை வெளியுறவுத் துறை அழைத்து வந்து சில வாரம் ஊர் ஊராகக் காட்டும். பல ஊர்களில் ஏற்பாடு மன்றத் தன்னார்வலர் பொறுப்பு. ஒரு வேளை வீட்டுச் சாப்பாடும் அதில் அடக்கம். 1967இல் இப்படி வந்து போனவர்களுள் மார்கரெட் தாட்சர் என்ற பிரிட்டிஷ் எம்.பி.யும் ஒருவர். பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் பிரதமரானார். அதன் விளைவாக, அமெரிக்க நகரம் எதிலும் நகராட்சிக் கழிவுநீர் நிர்வாகம் பார்க்க வந்த ஓர் இளம் அதிகாரியைக் கூடச் சாதாரணமாக நடத்த முடிவதில்லை. இவர் நாளை பிரதமரானால், இன்றைக்கு நாம் போட்ட உருளைக்கிழங்கு அவர் நினைவில் எப்படி இருக்கும்? பன்றி, மாடு, மது, பூண்டு என்று ஒவ்வொன்றாக விலக்கி விலக்கி, கடைசியில் எல்லா நாட்டவர்க்கும் பொதுவாக மிஞ்சுவது சாலட்டும் தண்ணீரும். விருந்தினரோ வந்ததிலிருந்து ஒரு நல்ல ஹாம்பர்கர் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

இனி ஆள் சேர்ப்பு. உத்திரமேரூர்க் கல்வெட்டைப் படித்தவர்கள் இங்கே வியப்படைவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 921இல் வெட்டிய அக்கல்வெட்டின்படி ஊர் வாரியத்துக்குப் பெயர் கொடுப்பவர் 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் இருக்க வேண்டும். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. இருந்தபோது கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது. பிறகு ஓலையைக் குடத்திலிட்டு ஒரு சிறுவனை விட்டு எடுப்பார்கள். மன்றத்தின் நியமனக் குழு இவ்விதிகளைத் தலைகீழாகப் பின்பற்றுகிறது. எழுபது வயது இங்கே கடைசி எல்லையாவதில்லை. தகுதி முதிரும் பருவம் அது. முந்தைய மூன்று ஆண்டுகளில் இருந்தவரே நான்காம் ஆண்டுக்கும் உரியவர், வேறு எவரும் கிடைக்காமையான். கணக்குக் காட்டாதவரின் உறவினரை விலக்கினால் பொருளாளருக்கு ஆளே கிடைக்காது என்பதால் அவ்விதியைப் பேச்சுக்கே எடுப்பதில்லை. குடத்துக்கும் வேலையில்லை. கூட்டத்துக்கு வராதவர் எவரோ அவரே தேர்வு பெறுவார். இம்முறை குடவோலையை விட விரைவானது, எதிர்ப்பும் எழாது. இதனால், பதவி வேண்டாதவர்கள் காய்ச்சலோடும் கூட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். கோரம் குறைவதே இல்லை.

இவ்வுழைப்பை அரசு எப்படி மதிக்கிறது என்று பார்க்கலாம். வருமான வரித்துறைக்கு இத்தகைய அமைப்புகள் ஆண்டுதோறும் தரும் 990 என்ற படிவம் தன்னார்வலர்கள் எத்தனை பேர் என்று கேட்கிறது. வேண்டுமானால் உத்தேசமாகச் சொல்லலாம் என்றும் அனுமதிக்கிறது. டாலரை ஒன்று விடாமல் கணக்குக் கேட்கும் துறை, மனிதர்களை மட்டும் உத்தேசமாகக் கேட்கிறது. தன்னார்வலர் செலவிட்ட நேரத்துக்கு வரிக்கழிவு கிடையாது. ஆனால் அவர் தொண்டுக்காக ஓட்டிய காருக்கு மைலுக்கு 14 சென்ட் உண்டு. இந்த வீதம் 1998 முதல் மாறவில்லை. மூன்று மொழி தெரிந்த முன்னாள் தூதரக அதிகாரி ஒருவர் மாலை முழுதும் கொடியின் பரப்பளவைக் கணக்கிட்டால் சட்டத்தின் முன் அதன் மதிப்பு சுழியம். அவரை ஏற்றி வந்த டயரின் தேய்மானத்துக்கு மதிப்புண்டு. சட்டம் இதில் தவறு செய்ததாக எமக்குத் தோன்றவில்லை.

அற்றேல், மன்றத்தைத் தாராளமாக நிலைப்பாடு எடுக்கவிட்டால் பிஸ்கட் மேசையில் சமாதானம் நிலவுமே, அதைச் செய்தாலென்ன எனின், செய்யலாம். 2003இல் இராக் படையெடுப்பின்போது தேசமே இரண்டாகி, குடும்பத்துக்குள் பேச்சு வார்த்தை முறிந்திருந்த நாட்களை எண்ணிப் பாருங்கள். மன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தால் மறு வாரம் நாற்காலி மடக்கப் பாதிப் பேர் வந்திருக்கமாட்டார்கள். அந்தப் பாதி எந்தப் பாதியாக இருந்தாலும் நாற்காலி மடங்காது. பாதாமுக்காகச் சண்டை போட்டவர்களோ அடுத்த வாரமும் வருவார்கள். தம் தரப்பு வென்றதா என்று தட்டைப் பார்க்க வேண்டுமல்லவா?

கஃபீன் உள்ள காபிக் குடுவையை மேசையின் எந்தப் பக்கம் வைப்பது, கஃபீன் நீக்கியதை எந்தப் பக்கம் வைப்பது என்னும் வழக்கு இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. பேச்சாளரின் வலமா, அவையின் வலமா என்பதில் அது இன்னும் தீராமல் நிற்கிறது.